வெண்டளைக் கணக்கு

வெண்டளை என்பது வெண்பாவில் அடுத்தடுத்த சீர்கள் பொருந்துவதற்கான விதி. மாச்சீரை அடுத்து நிரையசையும், விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேரசையும் வரவேண்டும்.

யாப்பில் எண்ணிப் பார்ப்பது பழைய வழக்கம். தொல்காப்பியச் செய்யுளியல் ஐவகை அடிகளின் விரி 625 என்கிறது. அதில் எழுத்தெண்ணிக்கையும் சேரும். அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை கூறும் முறையில் அசையை மட்டும் கொண்டால் குறள் வெண்பாவின் கணக்கு எளிது.

ஈரசைச்சீர் 4, காய்ச்சீர் 4, ஆக முதற்சீருக்கு 8 வாய்ப்புகள். இவற்றில் பாதி நேரசையிலும் பாதி நிரையசையிலும் தொடங்குவதால், அடுத்த ஐந்து சீர்களுக்கும் 4 வீதமே இடமுண்டு. ஈற்றில் நாள், மலர், காசு, பிறப்பு ஆகியவற்றுள் 2 பொருந்தும். பெருக்கினால் 16,384, தளையே இல்லையெனில் 10,48,576.

தளை என்றதும் மாணவர்கள் விலங்கென்றே மிரள்வார்கள். ஆனால் திருக்குறளின் 1,330 பாக்களும் தனித்தனி அமைப்பில் இருப்பதாகக் கொண்டாலும் 15,054 அமைப்புகள் மிஞ்சும்.