வின்ஃபாஸ்ட் மின்கார்கள், தூத்துக்குடி

வியட்நாமின் வின்குழும நிறுவனமான வின்ஃபாஸ்ட், தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட் தொழிற்பூங்காவில் தயாரிக்கும் மின்கார்கள். முத்துக்குளிப்புக்கும் உப்பளங்களுக்கும் பேர்போன இக்கரையில் எழுந்த முதல் கார் ஆலை வின்ஃபாஸ்ட்டுடையது. 2024 பிப்ரவரி 25 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 2025 ஆகஸ்ட் 4 அன்று அவரே திறந்துவைத்தார். பதினெட்டு மாதத்துக்குள் 400 ஏக்கரில் ஆலை எழுந்தது வியப்புக்குரியது. தொடக்க உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 50,000 கார்கள். அதை 1,50,000 வரை உயர்த்தலாம்.

இரண்டு எஸ்.யு.வி.க்கள் 2025 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தன. சிறியது வி.எஃப். 6: 59.6 கிலோவாட்-மணி பேட்டரி, முன்சக்கர இயக்கம். பெரியது வி.எஃப். 7: இதில் 70.8 கிலோவாட்-மணி பேட்டரியும் உண்டு; உயர்வகையில் இரட்டை மோட்டார் நான்கு சக்கரங்களையும் இயக்கும். ஒரு முறை சார்ஜ் செய்தால் வி.எஃப். 6 அதிகபட்சம் 468 கி.மீ., வி.எஃப். 7 532 கி.மீ. ஓடும் என்பது ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனைக் கணக்கு. நெடுஞ்சாலை வேகத்திலும் ஏ.சி. ஓடும் கோடையிலும் இது குறையும் என்பதை வாங்குவோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஹைப்ரிட் வகை எதுவும் இந்த வரிசையில் இல்லை. 2019-இல் பெட்ரோல் கார்களோடு தொடங்கிய நிறுவனம், 2022-இல் அவற்றை முற்றிலும் கைவிட்டது.

ஆலைக்கு இவ்வூரைத் தேர்ந்ததில் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்குப் பெரும் பங்குண்டு. உதிரிபாகங்கள் வியட்நாமிலிருந்து கடல்வழியே வருகின்றன. கார்களை இங்கிருந்து தெற்காசியாவுக்கும் மேற்காசியாவுக்கும் ஏற்றுமதி செய்வது நிறுவனத்தின் திட்டம்.