நோயுள்ள பிராணியைப் பொறுப்பெடுக்க முன்னர்

‘பெற் சிற்றிங்’ எனப்படும் வீட்டுப் பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பிரித்தானியாவில் எம்மவர்களில் பலர் செய்கிறார்கள். பல்கலைக்கழக மாணவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் தாய்மார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எனப் பலதரப்பட்டோர் இதில் இருக்கிறார்கள். ஊரில் திருவிழாவுக்குப் போகும்போது நாய்க்குச் சோறு வைக்கும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவோமே, அந்த நினைப்பில் இதையும் இலேசாக எடுத்துவிடுகிறோம். கணக்கு விடயமாக எம்மிடம் வருவோர் சொல்லும் கதைகளில் சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பிராணிக்கு இருந்த நோயை உரிமையாளர் முதலில் சொல்லவில்லை.

எல்லோரும் ஏமாற்றுவதற்காக மறைப்பதில்லை. பதினான்கு வயது நாயுடன் வாழ்பவருக்கு அதன் இருமலும் தடுமாற்றமும் பழகிப்போன விடயம். ‘கொஞ்சம் வயது போய்விட்டது’ என்ற ஒரு வசனத்துக்குள் இருதய நோயும் மூட்டு வாதமும் அடங்கிவிடும். ஆனால் உண்மையைச் சொன்னால் ஆள் கிடைக்காது, காசு கூடக் கேட்பார்கள் என்று தெரிந்தே மறைப்பவர்களும் உண்டு. ஆளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கேள்வி கேட்டுத்தான் அறிய வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, ஒரு பிராணியைத் தற்காலிகமாகப் பொறுப்பெடுத்தவரும் அதற்குப் பொறுப்பாளரே. ‘அது என்னுடைய நாய் இல்லை’ என்பது பதிலாகாது. பிராணி தேவையில்லாமல் துன்பப்படும்படி விட்டவர், அதை அறிந்திருந்தாரா அல்லது நியாயமாக அறிந்திருக்க வேண்டுமா என்பதைச் சட்டம் பார்க்கிறது. சொல்லப்படாத நோய் பற்றி முதல் நாள் உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அறிகுறி கண்ணுக்குத் தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் ‘எனக்குச் சொல்லவில்லை’ என்ற வாதம் நிற்காது. 2021 முதல் இக்குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டுச் சிறை.

ஆகவே வீட்டுத் திறப்பை வாங்க முன்னரே எழுத்தில் கேளுங்கள். ‘ஏதாவது வருத்தம் இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரும். கடைசியாக மிருக வைத்தியரிடம் எப்போது போனது, எதற்காகப் போனது, இப்போது என்ன குளிசை அல்லது ஊசி, எத்தனை மணிக்கு, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது, இரவில் எழும்புமா, சிறுநீர் கட்டுப்பாடு இருக்கிறதா, படி ஏறுமா, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு நாள் முன்னதாகப் போய்ப் பாருங்கள். சமையலறையில் மருந்துப் போத்தல் இருக்கும், குளிரூட்டியில் இன்சுலின் இருக்கும். வாய் சொல்லாததை அவை சொல்லும்.

பொறுப்பெடுத்த பின் கவனிக்க வேண்டியவை பல. வயதான பூனை அடிக்கடி தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழித்தால் சிறுநீரக நோயோ நீரிழிவோ இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனால் தைரொயிட் பிரச்சினையாக இருக்கலாம். ஆண் பூனை மண் தட்டில் குந்திக்குந்தி முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். இன்சுலின் பெரும்பாலும் 12 மணித்தியாலத்துக்கு ஒரு முறை போடப்படுவது. பூனை சாப்பிடாவிட்டால் வைத்தியரைக் கேட்காமல் ஊசி போடவேண்டாம். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இரண்டாவது தடவை போடவே கூடாது. சீனி குறைந்து தள்ளாடினால் முரசில் கொஞ்சம் தேன் பூசிவிட்டு உடனே வைத்தியரை அழையுங்கள். இருதய நோயுள்ள நாய் தூங்கும்போது அதன் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 30ஐத் தாண்டிக்கொண்டே போனால் தொலைபேசியை எடுக்க வேண்டிய நேரம். வலிப்பு வந்தால் வாய்க்குள் கையை விடவேண்டாம், மணிக்கூட்டைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ அது அவசரம். இரவெல்லாம் நடந்து திரிந்து மூலையைப் பார்த்து நிற்கும் கிழட்டு நாய்க்கு மறதி நோய் இருக்கலாம். அதட்டுவதால் பயனில்லை, ஒரு சிறு விளக்கை எரியவிடுங்கள்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். காய்ச்சல் என்றால் பனடோல் கொடுப்போம். பூனைக்கு ஒரேயொரு பனடோல் குளிசையே எமனாகலாம். இபுபுறோபனும் அப்படித்தான். வெங்காயம், உள்ளி போட்ட கறிச்சோறு நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. பாயாசத்தில் போடும் முந்திரிகை வற்றல் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாசத்தில் ஊட்டிவிடும் அம்மம்மாக்களிடம் இதை முதலிலேயே சொல்லிவையுங்கள்.

சொல்லாத நோய் இடையில் தெரியவந்தால் உடனே படமும் காணொளியும் எடுத்து, நேரம் குறிப்பிட்டு உரிமையாளருக்கு வற்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினாலும் பேசியதைச் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள். பதில் வரவில்லை என்பதற்காக வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். மிருக வைத்தியத்துக்கு என்.எச்.எஸ். இல்லை. இரவு நேர அவசர சேவையில் பார்வைக் கட்டணமே இருநூறு பவுணைத் தாண்டுவது சாதாரணம். வழமையாகப் பிராணியைக் கொண்டு போனவரிடமே காசு கேட்பார்கள். எனவே உரிமையாளர் புறப்பட முன்னரே தனது வைத்தியசாலைக்கு அழைத்து உங்கள் பெயரைப் பதிந்து, தனது வங்கி அட்டை விபரத்தைக் கொடுத்து, எத்தனை பவுண் வரை தன்னைக் கேட்காமல் செலவழிக்கலாம் என்று எழுதித்தர வேண்டும். தொடர்பு கிடைக்காத நேரத்தில் கருணைக்கொலை பற்றி யார் முடிவெடுப்பது என்பதும் அதில் இருக்கட்டும். கேட்கச் சங்கடமான கேள்விதான். ஆனால் அந்த முடிவு ஒரு மாணவப் பிள்ளையின் தலையில் நடுச்சாமத்தில் விழக்கூடாது. உரிமையாளரின் காப்புறுதியை நம்பியிருக்கவும் முடியாது. காப்புறுதி எடுக்க முன்னரே இருந்த நோய்க்குப் பெரும்பாலானவை பணம் தரமாட்டா.

இனி வருமானம். ஒரு வரி ஆண்டில் இப்படியான சுயதொழில் வரவு மொத்தம் 1,000 பவுணைத் தாண்டினால் வரித் திணைக்களத்தில் பதிய வேண்டும். யூனிவேர்சல் கிரெடிட் பெறுவோர் தொகை சிறிதானாலும் மாதாமாதம் அறிவிக்க வேண்டும். இதைவிடப் பெரிய விடயம் விசா. மாணவர் விசாவில் இருப்பவர்கள் சுயதொழில் செய்ய முடியாது. செயலி வழியாகக் கிடைக்கும் இவ்வேலை பொதுவாகச் சுயதொழிலாகவே கணக்கிடப்படும். தஞ்சக் கோரிக்கை முடிவாகாதவர்களுக்கும் சுயதொழில் அனுமதி இல்லை. நோயுள்ள பிராணியால் ஒரு தகராறு வந்து விசாரணை என்றாகும்போது இதுவும் சேர்ந்தே வெளியில் வரும்.

உரிமையாளரின் வீட்டிலேயே தங்கிப் பார்ப்பதற்கு இங்கிலாந்தில் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. கட்டணம் வாங்கி நாய்களை உங்கள் வீட்டில் இரவு தங்கவைப்பதைத் தொழிலாகச் செய்தால் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உள்ளூர் கவுன்சிலின் அனுமதிப்பத்திரம் வேண்டும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரையும் கேளுங்கள்.