வழிகாட்டும் விதிகளைச் சோதித்த வரலாறு

புதுவாயலுக்கு அருகிலுள்ள கவரைப்பேட்டை நிலையத்தில், 2024 அக்டோபர் 11 இரவு, நின்றிருந்த சரக்கு வண்டியின் மேல் பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது. மெயின் லைனில் செல்லவே சிக்னல் தரப்பட்டிருந்தது. வண்டியோ லூப் லைனில் புகுந்துவிட்டது.

கணிப்பொறி வலைப்பின்னல்களிலும் இத்தகைய இடர் உண்டு. செய்தி, சிறு சிறு பொட்டலங்களாகப் பயணம் செய்கிறது. வழியிலுள்ள ஒவ்வொரு சுவிட்சும் தன் விதிப்பட்டியலைப் பார்த்து அதை அடுத்த இடத்துக்கு அனுப்புகிறது. மரபான முறையில் சுவிட்சுகள் தாமே வழியைக் கணக்கிடும். 2008-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக் மெக்கியோன் குழுவினர் 'ஓப்பன்ஃப்ளோ' முறையை வெளியிட்டனர். அதன்பின், மையத்திலுள்ள மென்பொருளே எல்லாச் சுவிட்சுகளுக்கும் விதி எழுதலாயிற்று. வசதிதான்; ஆனால் அங்கே நேரும் ஒரு பிழை வலைப்பின்னல் முழுவதையும் கெடுத்துவிடும்.

விதிகள் சரிதானா என்று எவ்வாறு அறிவது? 2012-இல் பேமான் கசேமியான், பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற ஜார்ஜ் வர்கீஸ், மெக்கியோன் மூவரும் வடிவகணிதத்தின் துணையை நாடினர். பொட்டலத்தின் தலைப்பை, 0, 1 ஆகிய இலக்கங்களாலான ஒரு வெளியில் புள்ளியாகக் கொண்டனர். சுவிட்ச் என்பது அப்புள்ளியை இடம்பெயர்க்கும் சார்பு. புள்ளிகளைக் கூட்டங்கூட்டமாகப் பின்தொடர்ந்து கணக்கிட்டால், பொட்டலம் சுற்றிச் சுற்றி வரும் சுழல் எங்கிருந்தாலும் அகப்படும். ஸ்டான்ஃபோர்டின் முதுகெலும்பு வலைப்பின்னலில் இருந்த சுழல்கள் யாவும் 10 நிமிடங்களுக்குள் வெளிப்பட்டன.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அன்றோ? விதி சரியாக இருந்தும் கருவி பிசகலாம். அதே ஆண்டில் ஹாங்யி ஸெங், இம்மூவருடன் சேர்ந்து, சோதனைப் பொட்டலங்களை உண்மையாகவே ஓடவிடும் முறையை வகுத்தார். 4,000 பொட்டலங்கள் அவ்வலைப்பின்னலின் எல்லா விதிகளையும் சோதிக்கப் போதுமாயிருந்தன. இணைப்புகளை மட்டும் சோதிக்க 54 போதும். விதியைச் சரிபார்ப்பதோடு, அதன்படி நடக்கிறதா என்று பார்ப்பதும் வேண்டும்.