சர்க்கார் பள்ளியும் மிஷன் பள்ளியும்

மணவாளக்குறிச்சியை வெளியுலகம் அதன் மணலைக் கொண்டே அறிந்திருக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இக்கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்த பிறகு, ஊரின் பெயர் கனிமவியல் நூல்களில் ஏறிவிட்டது. இந்த ஊரைச் சுற்றியுள்ள நெய்யூர், மண்டைக்காடு, குளச்சல் பகுதிகளில் கவனிக்கத்தக்க இன்னொன்றும் உண்டு. அது இங்குள்ள பள்ளிக்கூடங்களின் வகை. அரசுப் பள்ளி, சி.எஸ்.ஐ. சபையின் பள்ளி, கத்தோலிக்கப் பள்ளி, சமுதாய அறக்கட்டளைகளின் பள்ளி என்று பல கைகள் நடத்தும் பள்ளிகள் அருகருகே இயங்குகின்றன. பேச்சுவழக்கில் இவற்றை 'சர்க்கார் பள்ளிக்கூடம்', 'மேனேஜ்மென்ட் பள்ளிக்கூடம்' என்று இரண்டே சொற்களில் அடக்கிவிடுவார்கள். இவற்றில் எது சிறந்தது என்பது பெற்றோரின் கேள்வி. எது 'பொதுப் பள்ளி' என்பது வரலாற்றின் கேள்வி. இரண்டாவதற்கு விடை தேடாமல் முதலாவதற்கு நேர்மையான விடை கிடைக்காது என்று தோன்றுகிறது.

திருவிதாங்கூரின் அரசியார் கௌரி பார்வதி பாய் 1817இல் பிறப்பித்த ஆணையிலிருந்து தொடங்குவது வழக்கம். மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்ற கொள்கையை அந்த ஆணை அறிவித்தது. இங்கிலாந்தே அப்படிப்பட்ட பொறுப்பை ஏற்றிராத காலம் அது. ரெசிடென்ட் ஜான் மன்றோவின் செல்வாக்கு அதன் பின்னால் இருந்தது.

அதற்கு முன்பே இன்னொரு ஓடை தொடங்கியிருந்தது. 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே தம் சபையோடு சில பள்ளிகளையும் நிறுவினார். அவருக்குப் பின் 1818இல் பணியேற்ற சார்லஸ் மீட், மிஷனின் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். அங்கே தொடங்கப்பட்ட செமினரிதான் பிற்காலத்தில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1819இல் மார்த்தா மால்ட் பெண்களுக்கான உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். இன்று டதி பள்ளி என்று அழைக்கப்படுவது அதன் தொடர்ச்சியே. மாணவிகள் பின்னிய லேஸ் விற்பனை ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அந்த வருமானத்தைக் கொண்டு அடிமை நிலையிலிருந்து தம்மை மீட்டுக்கொண்ட பெண்களும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1855இல்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு ஓடைகளையும் எதிரெதிராக நிறுத்துவது எளிது, ஆனால் சரியல்ல. செமினரியின் செலவுக்காக வயல்கள் வாங்கப் பணம் அளித்தவர் அரசியாரே. நாகர்கோவிலில் ஆங்கிலப் பள்ளி நடத்திவந்த ஜான் ராபர்ட்ஸை 1834இல் திருவனந்தபுரத்துக்கு அழைத்தவர் சுவாதித் திருநாள். அப்படி உருவான பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரி. மீட்டே கூட மிஷனை விட்டு விலகியபின், 1850களில் சர்க்கார் பள்ளிகளின் மேற்பார்வையாளராகப் பணியாற்றினார். பணமும் ஆசிரியரும் இரு பக்கமும் போய்வந்தபடியே இருந்திருக்கிறார்கள்.

உண்மையான வேறுபாடு வாசலில் இருந்தது. அரசின் பணத்தில் நடந்த பள்ளி எல்லோருக்குமான பள்ளியாக இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கு அதன் கதவு நெடுங்காலம் மூடியே கிடந்தது. தோள்சீலைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்த மக்களுக்கு, மிஷன் பள்ளியே முதல் பள்ளியாக அமைந்தது. புலையர் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று 1907இல் அரசு ஆணையிட்ட பின்னும் உள்ளூர் அதிகாரிகளும் ஆதிக்க சாதியினரும் அதைச் செல்லாக்காசாக்கினார்கள். அய்யன்காளி வயல் வேலைநிறுத்தத்தை ஆயுதமாக எடுக்க நேர்ந்தது. 1914இல் நெய்யாற்றின்கரையை அடுத்த ஊரூட்டம்பலத்தில், பஞ்சமி என்ற சிறுமியைச் சேர்க்க அவர் அழைத்துச் சென்றபோது கலவரம் மூண்டு பள்ளியே எரிக்கப்பட்டது. ஆக, பெயரில் பொதுவாக இருந்தது நடைமுறையில் சிலருக்கானது. பெயரில் ஒரு மதத்துக்குரியதாக இருந்தது நடைமுறையில் பலருக்கும் திறந்திருந்தது.

மொழியிலும் ஒரு முரண் உண்டு. 1876இல் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பள்ளியில் கற்றது மலையாளம். தமிழை அவர் சாந்தலிங்கத் தம்பிரானிடம் மடத்தில் கற்றார். நாஞ்சில் நாட்டின் தலைசிறந்த தமிழ்க்கவிக்குத் தமிழ் கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்த பிறகே இந்த முரண் தீர்ந்தது. அந்த இணைப்போடு இரு வகைப் பள்ளிகளும் சேர்ந்தே தமிழகத்துக்கு வந்தன. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காட்டை ஒட்டியும், குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 92 விழுக்காடாகவும் இருந்ததற்கு இருவருக்குமே பங்குண்டு.

இன்று வாசல்கள் இடம் மாறியிருக்கின்றன. அரசுப் பள்ளி எவரையும் திருப்பி அனுப்ப முடியாது. உதவிபெறும் பள்ளியில் ஆசிரியருக்கு ஊதியம் தருவது அரசு, ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். பொதுப்பணம் சென்றடையும் பணியிடங்கள் ஒரு சபைக்கோ சமுதாயத்துக்கோ உள்ளேயே சுழலக்கூடும் என்ற விமர்சனத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஒரு காலத்தில் சாதிக் கதவைத் திறந்தவர்கள் இந்தக் கேள்விக்கும் விடை சொல்ல வேண்டியவர்களே.

ஆனால் அந்த விடைக்கான விலையை மாணவர் கொடுக்க நேர்வது நியாயமா? 2020இல் மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத் தமிழக அரசு சட்டமாக்கியது. உதவிபெறும் பள்ளி மாணவர் அதில் இல்லை. ஒரே தெருவில் வாழும் இரண்டு மீனவர் பிள்ளைகளில் ஒருவர் சர்க்கார் பள்ளிக்கும் மற்றவர் கோயிலடிப் பள்ளிக்கும் போனால், சட்டத்தின் கண்ணில் அவர்கள் வேறுவேறு. காலை உணவுத் திட்டம் 2024இல் ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பசியைப் பொறுத்தவரை கோட்டை அரசே அழித்திருக்கிறது. வாய்ப்பைப் பொறுத்தவரை அது அப்படியே இருக்கிறது.

அரசுப் பள்ளிகளைக் காக்கத்தான் அந்தச் சட்டம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் குமரி மாவட்டத்தின் இருநூறு ஆண்டு அனுபவம் சொல்வது ஒன்றுதான். பெயர்ப்பலகையைப் பார்த்து எது பொதுப் பள்ளி என்று முடிவுசெய்தவர்கள் அன்றும் தவறினார்கள். யார் உள்ளே வர முடிகிறது, வந்தவர் எங்கே போக முடிகிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.