மறுபதிப்பு என்னும் பொறுப்பு

ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. அச்சேற்ற ஆதரவு தேடி அவர் அலைந்த துயரையும் பாண்டித்துரைத் தேவர் உதவியதையும் நாம் அறிவது அந்நூலின் முகவுரையால்தான். விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1934இல், ஆசிரியர் மறைந்த பின்னரே வந்தது.

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட நாளில் இத்தகைய பெருநூலை மீண்டும் வெளியிடுவது பெரும்பொருட்செலவு. ஆப்செட் அச்சு வந்தபின், பழைய பக்கங்களைப் படமெடுத்தே அச்சிட இயன்றது. அவ்வாறு வந்த படிகளில் பக்க எண் மாறவில்லை. முன்னோர் காட்டிய மேற்கோள்களை இன்றும் அவற்றிற் சரிபார்க்கலாம்.

அடுத்துக் கணினி அச்சுக்கோப்பு வந்தது. நாட்டுடைமையான நூல்களைப் பதிப்பகத்தார் பலர் வெளியிடலாயினர். கிடைத்தற்கரியவை எளிதிற் கிடைத்தன, இது நன்றே. ஆயினும் சில பதிப்புகளில் முதற்பதிப்பின் ஆண்டு இல்லை. முகவுரையும் பொருட்குறிப்பகராதியும் விடுபட்டன. ஆண்டை இழந்த ஆய்வுநூல் தன் காலத்தை இழக்கிறது. எவர் கருத்து முந்தியது, எவர் எவரை மறுத்தார் என்பது மயங்குகிறது.

நம் வட்டம் பழநூலொன்றை வெளியிட முற்படுமாயின், முகவுரையையும் பதிப்பாண்டையும் முதலிற் காக்க வேண்டும். நூலை மீட்பது என்பது அதன் வரலாற்றையும் சேர்த்து மீட்பதே.