"இன்னும் ஒரு செமஸ்டர் இருந்தா நல்லா இருக்குமே!" - காலேஜ் முடிக்கவே மனசு வராதவங்களுக்கு ஒரு கைடு

ஃபேர்வெல் டேக்குக் கட்டிய புடவை இன்னும் மடிக்கப்படாமல் கிடக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோக்கள் கொட்டி, போனில் ஸ்டோரேஜ் ஃபுல். கடைசி எக்ஸாமுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான். ராத்திரி ஒரு மணிக்கு யாராவது ஒருத்தர் குரூப்பில் கேட்பார், "டேய், நிஜமாவே முடியப்போகுதாடா?" ஆளுக்கு ஓர் அழுகை எமோஜி போடுவார்கள். அப்புறம் யாரும் பேச மாட்டார்கள்.

இது உங்க குரூப்பிலும் நடக்குதா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முதலில் என் கதையைச் சொல்லிடுறேன். டிகிரி முடித்ததும் நான் ஜர்னலிசம் டிப்ளமோவில் சேர்ந்தேன். "எழுத்து மேல ஆர்வம்" என்று வீட்டில் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி, இன்னும் ஒரு வருஷம் பஸ் பாஸும் ஐ.டி கார்டுமாகத் திரியலாம் என்ற ஆசை. யாராவது "என்ன பண்றே?" என்று கேட்டால், "படிக்கிறேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம் இல்லையா? அந்த வார்த்தை எவ்வளவு பெரிய குடை என்பது அது போன பிறகுதான் தெரிந்தது.

இது சோம்பேறித்தனமா?

இல்லை. இதற்கு உளவியலில் ஒரு பெயரே இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000-ம் ஆண்டில், 18 வயதில் தொடங்கி 20-களின் நடுப்பகுதி வரையிலான காலத்தை 'எமர்ஜிங் அடல்ட்ஹுட்' என்று குறிப்பிட்டார். டீன் ஏஜும் இல்லை, முழுசா பெரியவங்களும் இல்லை. ரெண்டுக்கும் நடுவில் நிற்கிற உணர்வுதான் இந்தப் பருவத்தின் முக்கிய அடையாளம் என்கிறார் அவர். "நீங்க பெரியவர் ஆகிட்டீங்களா?" என்று இந்த வயதினரைக் கேட்டால், "சில விஷயத்துல ஆமா, சில விஷயத்துல இல்லை" என்பதுதான் அவருக்கு அதிகம் கிடைத்த பதில்.

சட்டத்துக்கு இந்தக் குழப்பம் கிடையாது. 18 வயது முடிந்தால் நீங்க மேஜர். ஓட்டுப்போடும் வயதும் 1989-லேயே 21-லிருந்து 18-ஆகக் குறைந்துவிட்டது. ஆனால், எம்.எல்.ஏ-வைத் தேர்ந்தெடுக்கிற அதே கை, பைக் சர்வீஸுக்கு அப்பாவிடம் காசு கேட்டு நீளுகிறது. இந்த இடைவெளிதான் நம்மைப் படுத்துகிறது.

யார் பெரியவர் என்பதற்கு ஆர்னெட்டின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த அளவுகோல்கள் மூன்று. தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பது, தானே முடிவெடுப்பது, பண விஷயத்தில் சொந்தக் காலில் நிற்பது. கல்யாணமும் வயதும் இதில் முன்வரிசையில் இல்லை. நம்ம ஊர்க் கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், குடும்பத்தைத் தாங்குவது. முதல் சம்பளம் வந்ததும் அம்மா கையில் கொடுக்கணும் என்று நினைக்கிறோமே, அது.

காலேஜ் ஏன் இவ்வளவு ஒட்டிக்குது?

கேன்டீன் டீ ஒன்றும் அவ்வளவு ருசி இல்லை. அது உங்களுக்கும் தெரியும். அப்புறம் எது இழுக்கிறது? நேரம்.

கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். இப்போ நம்ம கணக்கைப் போடுங்க. ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரம் 5 நாள் என்றால் 30 மணி நேரம். ஏழே வாரத்தில் 200-ஐத் தாண்டிவிடுகிறோம். அதாவது, முதல் இன்டர்னல் எக்ஸாம் முடியும்போதே பக்கத்து பெஞ்ச் ஆள் நெருங்கிய நண்பன். ஹாஸ்டல் என்றால் சொல்லவே வேண்டாம். வேலைக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் ஒருவரைப் பார்த்தால், அதே 200 மணி நேரத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

இன்னொரு காரணம் நம் ஞாபகசக்தி. நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் மறக்க முடியாததைச் சொல்லச் சொன்னால், 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் அதிகம் வரும் என்று ஞாபகம் பற்றிய ஆய்வுகள் சொல்கின்றன. முதல் முறை நடக்கிற விஷயங்கள் அந்த வயதில்தான் அதிகம் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. அப்பா இன்னும் தன் ஹாஸ்டல் கதையைச் சொல்லிப் போரடிக்கிறாரா? மன்னிச்சிடுங்க. 2050-ல் நீங்களும் அதையேதான் செய்யப்போறீங்க.

எல்லாருடைய தயக்கமும் ஒன்றல்ல

"ஃபன் போயிடுமே" என்பது ஒரு தயக்கம். அதைவிடக் கனமான தயக்கங்களும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன.

ஒரு பெண்ணுக்கு, டிகிரி முடிவது என்றால் ஜாதகம் வெளியே வருவது. காலை எட்டு மணி பஸ் ஏறினால் மாலை ஆறு மணி வரை தனக்கென ஓர் உலகம் இருந்தது, அதற்குக் காலேஜ்தான் அனுமதிச் சீட்டு. அது முடியப்போகிறது. வீட்டில் முதல் பட்டதாரிக்கு, ஊரே அவர் சம்பளத்துக்காகக் காத்திருப்பது மாதிரி ஒரு பாரம். வழிகாட்ட வீட்டில் ஆள் கிடையாது. அரியர் வைத்திருப்பவருக்கு, ஃபேர்வெல் போட்டோவில் சிரிப்பதே கஷ்டம்.

ஆகவே, முதலில் உங்க தயக்கம் எது என்று பெயர் வையுங்க. நண்பர்களைப் பிரியும் பயமா, வேலை கிடைக்காதோ என்ற பயமா, வீட்டுக்குத் திரும்பும் பயமா? ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்க. பிரிவுக்கான மருந்து வேறு, வேலைக்கான மருந்து வேறு. வீட்டில் கல்யாணப் பேச்சு என்றால், "இப்போ வேணாம்" என்று மட்டும் சொன்னால் எடுபடாது. எந்த வேலை, எந்த ஊர், எந்த ஹாஸ்டல், எவ்வளவு சம்பளம் என்று கையில் ஒரு திட்டத்தோடு பேசினால் பேச்சு மாறும். உங்க பக்கம் பேசக்கூடிய ஒரு அத்தையையோ, மேடத்தையோ முன்கூட்டியே பிடித்து வையுங்க.

பி.ஜி: படிக்கவா, தப்பிக்கவா?

தயக்கத்துக்கு நாம் கண்டுபிடித்த சுலபமான வழி, அடுத்த கோர்ஸ். தப்பில்லை, நானே செய்ததுதான். சேருவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கோங்க. "நாளைக்கே நல்ல வேலை கிடைச்சா, இந்த கோர்ஸை விட்டுடுவேனா?"

"விடமாட்டேன்" என்றால் தைரியமாகச் சேருங்க. "உடனே விட்டுடுவேன்" என்றால், அந்த ஃபீஸில் நீங்க வாங்குவது படிப்பு இல்லை, ரெண்டு வருஷத் தவணை. நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. மத்திய அரசின் 'நாட்ஸ்' என்ற தேசியப் பயிற்சித் திட்டத்தில் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் மாத உதவித்தொகையோடு ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெறலாம். பாதி மாணவர், பாதி ஊழியர். முதல் அடி வைக்கப் பயப்படுகிறவர்களுக்கு நல்ல படிக்கட்டு.

கேட்டைத் தாண்டும் முன் கையில் இருக்க வேண்டியவை

அழுது முடிச்சாச்சா? இப்போ இந்த லிஸ்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. காலேஜில் இருக்கும்போது பத்து நிமிஷத்தில் முடிகிற இந்த வேலைகள், வெளியூர் போன பிறகு ரெண்டு நாள் லீவைச் சாப்பிடும்.

- நோ டியூஸ்: லைப்ரரி, லேப், ஹாஸ்டல் என எல்லாக் கையெழுத்தும் வாங்கினால்தான் டி.சி. தொலைந்த புத்தகத்துக்கு இப்பவே பணம் கட்டிடுங்க. சேரும்போது கட்டிய டெபாசிட் திரும்பக் கிடைக்குமா என்றும் கேளுங்க.
- சான்றிதழ்கள்: டி.சி, நன்னடத்தைச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட், புரொவிஷனல். வெளிநாட்டுப் படிப்பு எண்ணம் இருந்தால் டிரான்ஸ்கிரிப்டுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று இப்பவே விசாரிங்க.
- தமிழ்வழிச் சான்றிதழ்: தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20% முன்னுரிமை இருக்கிறது. பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். காலேஜ் மட்டுமல்ல, படித்த பள்ளியிலும் இந்தச் சான்றிதழை வாங்க வேண்டியிருக்கும்.
- வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு: பட்டத்தைப் பதிவுசெய்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீங்க. ஆன்லைனிலேயே முடியும்.
- மெயில் ஐ.டி: காலேஜ் கொடுத்த மெயில் எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். அதில் இருக்கும் புராஜெக்ட், போட்டோக்களைச் சொந்த மெயிலுக்கு மாற்றுங்க. ஏதாவது தளத்தில் அந்த மெயிலில் பதிவு செய்திருந்தால் அதையும் மாற்றுங்க.
- பரிந்துரைக் கடிதம்: எச்.ஓ.டி-க்கு உங்க முகம் ஞாபகம் இருக்கும்போதே கேட்டுடுங்க.

ஒரு எச்சரிக்கை. வேலை தருகிறோம் என்று ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்காதீங்க. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவதுதான் முறை. என் கிளாஸ்மேட் ஒருத்தன் ஒரு சின்ன நிறுவனத்தில் கொடுத்துவிட்டு, வேலையை விட்ட பிறகு அதை வாங்க எட்டு மாதம் அலைந்தான். முன்பணம் கேட்கும் 'கன்சல்டன்சி' பக்கம் தலைவைத்தும் படுக்காதீங்க.

பணம்: யாரும் சொல்லித்தராத பாடம்

கல்விக் கடன் வாங்கியிருந்தால், பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால், வட்டிக்கு அந்த லீவு கிடையாது. 4 லட்சம் கடன், 10% வட்டி என்றால், வருஷத்துக்கு 40,000 ரூபாய் ஏறிக்கொண்டே இருக்கும். கடனில் அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நீங்க கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் அவர்களுக்கும் அடி வாங்கும். வேலை தாமதமானால் வங்கியைத் தவிர்க்காதீங்க. நேரில் போய்ப் பேசுங்க.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்கியவர்களுக்குப் படிப்பு முடிந்ததும் அது நின்றுவிடும். ரீசார்ஜும் ஹாஸ்டல் செலவும் அதில்தான் ஓடியது என்றால், அந்த ஓட்டைக்கு இப்பவே வழி பாருங்க.

முதல் சம்பளம் கைக்கு வரும்போது, ஆஃபர் லெட்டரில் இருந்த தொகையைவிடக் குறைவாக இருக்கும். பதறாதீங்க. பி.எஃப் இருந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 12% பிடிப்பார்கள், நிறுவனமும் தன் பங்கைப் போடும். 12 இலக்க யு.ஏ.என் எண் ஒன்று கிடைக்கும். வேலை மாறினாலும் அதே எண்தான், பத்திரப்படுத்துங்க. வீட்டு ஹெல்த் இன்ஷூரன்ஸிலும் ஒரு கண் வையுங்க. பல பாலிசிகளில் பிள்ளைகளுக்கு 25 வயது வரைதான் இடம்.

நட்பு: குரூப் மட்டும் போதாது

"எவ்ளோ பிஸியா இருந்தாலும் மாசம் ஒரு தடவை மீட் பண்றோம்!" எல்லா பேட்சும் இந்தச் சத்தியத்தைச் செய்திருக்கிறது. முதல் மாதம் பதினைந்து பேர், மூணாவது மாதம் நாலு பேர், அப்புறம் பிறந்தநாள் ஸ்டேட்டஸ். யார் மீதும் தப்பில்லை. ஒருத்தருக்கு நைட் ஷிஃப்ட், ஒருத்தருக்கு ஓசூர், ஒருத்தருக்கு ஓமன்.

அதனால் 50 பேரைக் காப்பாற்றப் பார்க்காதீங்க. அஞ்சு பேரைத் தேர்ந்தெடுங்க. ஒரு நாளை நிரந்தரமாக்குங்க. பொங்கல் லீவு, ஊர்த் திருவிழா, யாராவது ஒருத்தர் கல்யாணம். டெக்ஸ்ட்டைவிட பஸ்ஸில் போகும்போது போடும் பத்து நிமிஷ போன்கால் அதிகம் வேலை செய்யும். முக்கியமாக, வேலை கிடைக்காத நண்பனைக் குரூப்பில் "என்னடா ஆச்சு?" என்று கேட்காதீங்க. தனியாகக் கூப்பிடுங்க. அந்த வருஷத்தில் அவனுக்கு வந்த ஒரே கால் உங்களுடையதாகக்கூட இருக்கலாம்.

முதல் ஆறு மாதம்

எல்லாரும் செட்டில் ஆகிட்டாங்க, நான் மட்டும் இங்கேயே நிக்கிறேன் என்று தோன்றும். இன்ஸ்டாவில் தெரிவது ஐ.டி கார்டு போட்டோ மட்டும்தான். பாத்ரூமில் போய் அழுததை யாரும் ரீல் போடுவதில்லை. ஆபீஸில் முதல் மாதம் எதுவும் புரியாது. எல்லாரையும் 'சார்' என்பதா, பெயர் சொல்வதா என்பதே பெரிய குழப்பம். அங்கேயும் 200 மணி நேரக் கணக்குதான், கொஞ்சம் டைம் கொடுங்க.

ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், எதிலும் மனசு ஒட்டாமல் இருந்தால், அது ஏக்கத்தைத் தாண்டிய விஷயம். மத்திய அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். கூச்சப்பட எதுவுமில்லை.

கடைசியாக ஒன்று. டிகிரி முடித்து ஒரு வருஷம் கழித்து, பட்டச் சான்றிதழ் வாங்க என் காலேஜுக்குப் போனேன். மூணு வருஷம் லேட்டாக வந்ததற்காகத் திட்டிய அதே வாட்ச்மேன் அண்ணன், "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டு ரெஜிஸ்டரை நீட்டினார். 'விசிட்டர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. உள்ளே போனால், நாங்கள் உட்காரும் வேப்ப மரத்தடியில் வேறு ஒரு கூட்டம். அதே சத்தம், அதே சண்டை. கேன்டீன் அக்கா மட்டும் அடையாளம் கண்டுகொண்டு, "என்ன கண்ணு, இளைச்சிட்டே!" என்றார். டீக்குக் காசு கொடுத்தேன். மூணு வருஷத்தில் கணக்கில் எழுதாமல் நான் கையோடு கொடுத்த முதல் காசு அதுதான்.

அக்கா அதை வாங்கிக்கொண்டு சிரித்தார். பெரிய மனுஷி ஆகிட்டேன் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

உங்களுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. நோ டியூஸ் ஃபார்மை நாளைக்குக் காலையில் வாங்கிடுங்க. சாயந்திரம், கேன்டீன் மூடுற வரைக்கும் உட்கார்ந்திருங்க.