மலைக்காட்டுப் பாதைகள்: ஒரு வரலாற்று நோக்கு

காட்டினுள் மனிதன் நடப்பது புதுமையன்று. விறகு பொறுக்கவும் தேன் எடுக்கவும் வேட்டையாடவும் தெய்வம் தொழவும் அவன் நடந்தான். அந்நடையினாலேயே பாதைகள் தோன்றின. ஆயின், நடத்தலையே நோக்கமாகக் கொண்டு, காட்சி இன்பத்தின் பொருட்டும் உடல் நலத்தின் பொருட்டும் காட்டினுட் புகுந்து திரும்புதல் மிகப் பிற்பட்ட ஒரு வழக்கமாகும். அவ்வழக்கம் வேரூன்றுவதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டப்பட்டன. ஒன்று, காட்டைத் தம் உணவுக்கு நம்பி வாழாத ஓய்வுடைய வகுப்பினர் தோன்றுதல். மற்றையது, காடு அரசின் உடைமை எனச் சட்டத்தால் வரையறுக்கப்படுதல். இலங்கையின் மத்திய மலைநாட்டிலே இவ்விரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருங்கே நிகழ்ந்தன. இன்று ஹோட்டன் சமவெளியிலும் உடவத்தகெலேயிலும் உலாவச் செல்வோர் மிதிக்கும் மண்ணின் வரலாறு அந்நிகழ்ச்சிகளோடு பின்னிப் பிணைந்ததாகும்.

யாத்திரிகர் பாதை

மலைநாட்டுக் காட்டுப் பாதைகளுள் தொன்மையும் தொடர்ச்சியும் ஒருங்கே வாய்ந்தது சிவனொளிபாதமலைக்குச் செல்லும் பாதையாகும். 2243 மீற்றர் உயரமுடைய அச்சிகரத்திலுள்ள பாதச் சுவட்டினைப் பௌத்தர் புத்தருடையது என்றும், சைவர் சிவபெருமானுடையது என்றும், இஸ்லாமியர் ஆதி பிதாவாகிய ஆதமுடையது என்றும் போற்றுவர். ஒரே சிகரத்துக்குப் பல சமயத்தவரும் ஒரே வழியால் ஏறிச் சென்றமையின், அவ்வழியைப் பேணுதல் அரசனின் அறக்கடமைகளுள் ஒன்றாயிற்று. பதினோராம் நூற்றாண்டில் ஆட்சி புரிந்த முதலாம் விஜயபாகு யாத்திரிகரின் உணவுக்கென மானியம் வழங்கியதனை அம்பகமுவக் கல்வெட்டு கூறுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சனாகிய தேவப்பதிராசன் அம்மலைக்குச் செல்லும் வழியைச் செப்பனிட்டுப் பாலங்கள் அமைத்தமை சூளவம்சத்தால் அறியப்படுகின்றது.

1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அராபியப் பயணி இபின் பதூதா, யாழ்ப்பாண அரசனாகிய ஆரியச் சக்கரவர்த்தியின் உதவி பெற்றே இம்மலைக்குச் சென்றான். பல்லக்கும் சுமைகாவுவோரும் வழித்துணையாக யோகிகளும் பிராமணரும் அவனுக்கு அளிக்கப்பட்டனர். தமிழ் மன்னன் ஒருவன் இஸ்லாமியப் பயணி ஒருவனைச் சிங்கள நாட்டு மலையொன்றுக்கு அனுப்பி வைத்த அந்நிகழ்ச்சி, அக்காலத்தில் அப்பாதை எவர்க்கும் அடைக்கப்படாதிருந்தமைக்குத் தக்க சான்றாகும். மலைக்கு ஏறும் வழிகள் இரண்டு என்றும், அவை ஆதமின் பெயராலும் ஏவாளின் பெயராலும் வழங்கின என்றும், எளிய வழியால் மாத்திரம் சென்று மீண்டவன் யாத்திரை செய்தவனாகக் கருதப்படுவதில்லை என்றும் அவன் குறிப்பிடுகின்றான். செங்குத்தான பாறைகளில் ஏறுவோர் பற்றிக்கொள்ளுதற்கு இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்தமையையும் அவன் விவரிக்கின்றான்.

இப்பாதையின் பண்பு ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. காட்டினூடே சென்றதாயினும் காட்டை ஆள்வதற்கென அது வெட்டப்படவில்லை. யாத்திரிகனுக்கு உணவளிப்பதும் தங்குமிடம் தருவதும் பிறரது புண்ணியமாயின. வழியின் இடர் நீக்கப்பட வேண்டிய குறையாக மாத்திரம் கொள்ளப்படாமல், நோன்பின் ஒரு கூறாகவும் கொள்ளப்பட்டது.

தேசாதிபதியின் உலாப்பாதை

கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அரண்மனைக்கு மேலே பரந்து கிடந்த உடவத்தகெலே கண்டி மன்னரின் தனியுரிமையாய், குடிமக்கள் புகுதற்கியலாத காடாய் இருந்து வந்தது. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டன் 1834 இல் அக்காட்டினுள் உலாப்பாதையொன்றை அமைப்பித்துத் தம் மனைவியின் பெயரை அதற்கு இட்டார். அச்சீமாட்டியே, இளமையில் ஆங்கிலக் கவிஞர் பைரனின் புகழ்பெற்ற கவிதையொன்றுக்குத் தூண்டுதலாய் அமைந்தவர் என்பது இலக்கிய மாணவர்க்குச் சுவை பயக்கும் செய்தியாகும். பின்னர் வந்த தேசாதிபதிகள் சிலரின் மனைவியர் பெயர்களும் அக்காட்டின் ஏனைய பாதைகளுக்குச் சூட்டப்பட்டன. 1856 இல் அது ஒதுக்கக் காடாகவும் 1938 இல் சரணாலயமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது.

மன்னன் காத்த தனிக்காடு ஆங்கிலேய ஆட்சியில் உலாவிடமாயிற்று. நகரின் நடுவே ஏறக்குறைய 104 ஹெக்டேயர் காடு இன்றளவும் எஞ்சியிருப்பதற்கு இவ்விரு ஆட்சிகளும் விதித்த தடைகள் காரணமாயின என்பதை மறுத்தல் இயலாது. ஆயினும், அப்பாதையில் உலாவிய சீமாட்டியரின் பெயர்கள் பலகைகளில் நிலைபெற்றிருக்க, அதனை வெட்டிச் சமப்படுத்தியோர் எவரென்பதற்குப் பெயர்ப்பலகை எதுவும் இல்லை.

முடிக்குரிய காடு

ஹோட்டன் காலத்திலேயே மலைநாட்டில் கோப்பிச் செய்கை வேகமாகப் பரவலாயிற்று. செய்கைக்கு நிலம் வேண்டியிருந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் அத்துமீறல் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் குடியிருப்பும் பயிர்ச் செய்கையும் இன்றியும் கிடந்த நிலம் யாவும், மறுதலையாக நிறுவப்படும் வரை, முடிக்கு உரியது என ஊகித்தது. எழுத்துறுதியின்றி வழக்காற்றினால் மாத்திரம் காட்டைப் பயன்படுத்தி வந்த கிராமத்தவன் தன் உரிமையை நிறுவ வேண்டியவனானான். சேனைச் செய்கைக்கும் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் அவன் நடந்த பாதைகள் ஒரே சட்டத்தால் அத்துமீறலின் பாதைகளாயின. இன்று பொதுக்காடு, அரச காடு என வழங்கும் தொடர்களின் வேர் இச்சட்டத்திலேயே உள்ளது.

இவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட காடுகளின் பெரும்பகுதி தோட்டக்காரருக்கு விற்கப்பட்டுக் கோப்பித் தோட்டமாயிற்று. அத்தோட்டங்களில் உழைப்பதற்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் ஒரு காட்டுப் பாதையால் நடந்தே வந்தனர். மன்னாரிற் கரையிறங்கி, வன்னிக் காடுகளையும் வறண்ட பிரதேசத்தையும் கடந்து மாத்தளைக்கு வந்த அவர்களின் வழி நூறு மைல்களுக்கும் மேற்பட்டது. நீரின்மையாலும் கொள்ளைநோயாலும் காய்ச்சலாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். உடவத்தகெலேயில் உலாப்பாதையின் வளைவுகள் திருத்தமாக அமைக்கப்பட்ட தலைமுறையிலேயே இப்பாதையும் மனிதரின் கால்களால் உருவாயிற்று. நடத்தல் ஒரு சாராருக்கு இன்பமாயும் மறு சாராருக்கு உயிர்ப்போராட்டமாயும் இருந்த இம்முரணைக் கருதாது மலைநாட்டுப் பாதைகளின் வரலாற்றை எழுதுதல் முழுமையாகாது.

வேட்டைக் களம்

சீமாட்டியர் உலாவிய காடு நகருக்கு அண்மையது. அதற்கப்பாலிருந்த உயர்மலைக் காடுகள் ஆங்கிலேய ஆடவரின் வேட்டைக் களமாயின. மகா எலிய என உள்ளூரவர் வழங்கிய, 2100 மீற்றருக்கு மேற்பட்ட உயரமுடைய புல்வெளிக்கு 1834 இல் ஆங்கிலப் படையதிகாரிகள் சென்றனர். அது தேசாதிபதியின் பெயரால் ஹோட்டன் சமவெளி எனப்பட்டது. ஆங்கிலேயர் அதனைக் கண்டுபிடித்தனர் என எழுதுவது பழைய நூல்களின் வழக்கம். பலாங்கொடைப் பண்பாட்டைச் சேர்ந்த கற்கருவிகள் அங்குக் கிடைத்துள்ளமையின், வரலாற்றுக்கு முற்பட்ட மாந்தரும் அப்புல்வெளியில் நடமாடினர் என்பது தெளிவு. எனவே கண்டுபிடிப்பு என்ற சொல் இங்குப் பொருந்தாது.

நுவரெலியாவில் 1840களின் இறுதியிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் மலைக்காடுகளில் மரையை நாய்களைக் கொண்டு வேட்டையாடியவர். தம் வேட்டை அனுபவங்களை நூல்களாகவும் வெளியிட்டார். சமவெளியிலுள்ள நீர்வீழ்ச்சி இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. மேஜர் றொஜர்ஸ் என்னும் அதிகாரி ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறப்படுகின்றது. அவர் 1845 இல் மின்னல் தாக்கி இறந்தார். ஹோட்டன் சமவெளியில் ஒரு காலத்திற் சஞ்சரித்த யானைகள் இன்று அங்கு இல்லை. ஓடைகளில் தூண்டிலிட்டு மகிழ்தற்கென அந்நிய நாட்டு ட்ரவுட் மீன்கள் விடப்பட்டன. தோட்டக்காரரான தோமஸ் பார் என்பவரின் பெயரைத் தாங்கிய விடுதி வேட்டைக்காரரின் தங்குமிடமாயிற்று.

வேட்டை விலங்குகள் அருகத் தொடங்கியபோது வேட்டையாடியோரே காவலராயினர். 1894 இல் வேட்டை விலங்குகள் பாதுகாப்புச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. தம் பொழுதுபோக்கு நிலைபெற வேண்டுமாயின் விலங்குகள் நிலைபெற வேண்டும் என்ற எண்ணமே அதன் தொடக்க உந்துதலாகும். ஆயினும், அதன் விளைவு அத்தன்னலத்தையும் கடந்து சென்றது. நாட்டின் வனசீவராசிகள் பாதுகாப்பு இயக்கத்துக்கு அச்சங்கமே வித்திட்டது.

பாதுகாப்பும் பூங்காவும்

காட்டழிவின் வேகத்தைத் தடுத்த முதன்மையான அறிவுரை இங்கிலாந்திலிருந்து வந்தது. கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஜோசெப் ஹூக்கர் 1873 இல், 5000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டாது விட்டுவிடுமாறு ஆலோசனை கூறினார். அதனையொட்டி அவ்வுயரத்துக்கு மேற்பட்ட காடுகளை விற்பதும் அழிப்பதும் தடுக்கப்பட்டன. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் தலையூற்றுக்கள் ஹோட்டன் சமவெளியோடு தொடர்புடையவை. அத்தடை இன்றேல் சமவெளியும் தேயிலைத் தோட்டமாக மாறியிருத்தல் கூடும். ஆற்றங்கரை உழவர் பலரின் வயல்களும் நீரின்றி வாடியிருத்தல் கூடும். ஆதலின் குடியேற்ற ஆட்சியின் வனச் சட்டங்கள் யாவற்றையும் கொள்ளையெனத் தள்ளிவிடுதல் நேரிய மதிப்பீடாகாது.

1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்குகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டை வகைப்படுத்தியது. ஆராய்ச்சிக்கன்றி எவரும் புகக் கூடாத இயற்கை ஒதுக்கம் ஒருபுறமும், மக்கள் அனுமதி பெற்று விலங்குகளைக் காணத்தக்க தேசியப் பூங்கா மறுபுறமும் வேறுபிரிக்கப்பட்டன. யால, வில்பத்து ஆகியன 1938 இல் தேசியப் பூங்காக்களாயின. சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காடு 1940 இல் சரணாலயமாயிற்று. ஹோட்டன் சமவெளி 1969 இல் வனசீவராசிகள் காப்பிடமாகவும் 1988 இல் 3160 ஹெக்டேயர் பரப்புடைய தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010 இல் சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைக்காடு ஆகிய மூன்றும் இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் பெற்றன.

இவ்வகையிற் பிறந்தவனே நுழைவுச் சீட்டு பெற்ற உலாப்பயணி. ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்பையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் இணைத்துச் செல்லும் ஏறக்குறைய 9 கிலோமீற்றர் நீளமான வட்டப் பாதையே அவனுக்கு விதிக்கப்பட்ட வழியாகும். வேட்டைக்காரர் தங்கிய விடுதி அவனை வரவேற்கும் நிலையமாயுள்ளது. பாதையை விட்டு விலகாதே, எதையும் பறிக்காதே, குப்பை போடாதே என்பன அவனுக்குரிய நெறிகள். பனித்துளி தாங்கும் பாசிகளும் சதுப்பு நிலமும் மிதிபட்டழியாமல் நிலைபெறுதற்கு இந்நெறிகள் இன்றியமையாதன.

ஆயின், பூங்கா என்னும் அமைப்பு எவ்விடத்தும் ஒரே விளைவைத் தருவதில்லை. 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டபோது தம்பானை வேடரின் பரம்பரை வேட்டைக்காடு அதனுள் அடங்கியது. வேடர் குடும்பங்கள் பல மகாவலிக் குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. அவர்களின் தலைவராகிய ஊருவரிகே திசாஹாமி இடம்பெயர மறுத்து, 1998 இல் இறக்கும் வரை தம்பானையிலேயே வாழ்ந்தார். காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவர் அத்துமீறுபவராகவும், அத்தடத்தை முதன்முறை காண்பவர் உரிமையுடைய விருந்தினராகவும் ஆகிய இந்நிலை 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தின் தர்க்கத்தினின்றும் வேறானதன்று.

முடிவுரை

2020களில் மலையகத் தேயிலைத் தோட்டங்களின் பழைய பாதைகளை இணைத்து, கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமுடைய பீக்கோ நடைபாதை வகுக்கப்பட்டது. கொழுந்துக் கூடை சுமந்தோரின் பாதை உலாப்பாதையாகியது. தோட்டப் பகுதிகளுக்கு அது வருவாயையும் வெளியுலகத் தொடர்பையும் தருமாயின் வரவேற்கத்தக்கதே. எனினும், காட்சியின் அழகு மாத்திரம் விளம்பரப்படுத்தப்பட்டு, அக்காட்சியை ஆக்கியோரின் வரலாறு மறைக்கப்படுமாயின் உடவத்தகெலேயில் நிகழ்ந்த மறதியே மீண்டும் நிகழும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மலைக்காட்டுப் பாதைகளை யாத்திரிகனும் தொழிலாளியும் வேட்டைக்காரனும் உலாப்பயணியும் வெவ்வேறு தேவைகளின் பொருட்டு மிதித்துள்ளமை புலனாகும். அவற்றுள் யாத்திரிகனின் பாதை ஒன்றே எல்லோர்க்கும் திறந்திருந்ததோடு பிறரின் அறத்தாலும் தாங்கப்பட்டது. பொதுக்காடு என்னும் சொல் மெய்யாகவே பொதுமையைச் சுட்ட வேண்டுமாயின், காட்டைக் காக்கும் சட்டத்தோடு காட்டை அறிந்தோரின் உரிமையும் இணைதல் வேண்டும். வழிகாட்டிகளாகவும் காவலராகவும் கிராமத்தவரையும் தோட்டத்தவரையும் அமர்த்துதல் அதற்கு ஒரு தொடக்கமாகலாம். மலைநாட்டின் பழைய தடங்கள், அம்பலங்கள், அவற்றின் இடப்பெயர்கள், மன்னார் வழியாக நடந்து வந்தோரின் வழிவந்தோரிடம் எஞ்சியுள்ள வாய்மொழிச் செய்திகள் ஆகியவற்றைத் தொகுத்தல் பல்கலைக்கழக வரலாற்று மாணவர் முன்னுள்ள பணியாகும். தலைமுறைகள் மறையுந்தோறும் அப்பணி அரிதாகும். பாதையைப் புல் மூடினால் வெட்டித் திறக்கலாம். அதில் நடந்தோரின் நினைவு அழிந்தபின் அதனை மீட்டல் எவர்க்கும் இயலாது.